மச்சாண்டாரின் ஜாலி

மன்னார்குடியில் ஜாலி என்றால் ஒரே அர்த்தம்தான். காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு மேட்னி ஷோவுக்குப் போவது ஜாலி. பரீட்சை முடிந்த சாயங்காலம் ஜாலி. கல்யாணமாகி ஃபிஜிக்கு வந்து, பா நகரத்துச் சர்க்கரை மில்லை ஒட்டிய ரராவாயில் என் புகுந்த வீட்டில் கால் வைத்த முதல் வாரம், என் கணவரின் அண்ணன் தன் மனைவியிடம் சிரிப்பே இல்லாத முகத்தோடு, "ஜாலி அறுந்துபோச்சி. நாளைக்கு வேற ஜாலி போடணும்" என்று சொன்னது காதில் விழுந்தது. நான் சமையலறையில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். இந்த மனிதருக்கு ஜாலி வேறு இருந்ததா, அதுவும் அறுந்துபோனதா என்று.

அந்த ஊர்த் தமிழில் ஜாலி என்றால் கம்பி வலை. இந்தியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட சொல். அவருக்கு மில்லில் ஃபிட்டர் வேலை. காய்ச்சி இறுகிய கரும்புப் பாகைப் பெரிய பித்தளை வலைத் தொட்டியில் கொட்டி அசுர வேகத்தில் சுற்றுவார்கள். மொலாசஸ் என்கிற கறுப்புக் கழிவுப்பாகு வலை வழியாக வெளியே போய்விடும், சர்க்கரை உள்ளே நின்றுவிடும். அந்த வலை கிழிந்தால் மாற்றுவது அவர் பொறுப்பு. எது போகலாம், எது போகக்கூடாது என்பதிலேயே அவர் ஆயுள் கழிந்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது சிரிப்புதான் வந்தது.

அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. கணவரின் அண்ணனை எங்கள் பக்கம் மச்சாண்டார் என்போம். மச்சாண்டார் பெயரைச் சொல்லக்கூடாது, அவர் எதிரில் உட்காரக்கூடாது, முகம் பார்த்துப் பேசக்கூடாது என்று அம்மா என்னை விமானம் ஏற்றும்போது ஓதி அனுப்பியிருந்தாள். ஃபிஜித் தமிழர்களின் தாத்தாக்கள் இந்த மாதிரிச் சங்கதிகளையெல்லாம் கூலிக் கப்பலிலேயே போட்டுவிட்டு இறங்கியிருந்தார்கள். கூடத்தில் அவர் நுழைந்ததும் நான் எழுந்து கதவோரம் ஒதுங்குவதைப் பார்த்து வீடே சிரித்தது. சிரிக்காதவர் அவர் ஒருவர்தான். தன்னை ஒருத்தி பார்க்க மாட்டாள் என்பதில் அவருக்கு அப்பாடா என்று இருந்தது போலும்.

ஆக, எங்கள் இருவருக்கும் நடுவே எப்போதும் அக்கா இருந்தாள். அவர் மனைவி. முறைப்படி எனக்கு ஓரகத்தி, நான் அக்கா என்றே கூப்பிட்டேன். மூன்று பேரும் ஒரே அறையில் இருந்தாலும் அவர் அக்காவைப் பார்த்து, "அந்தப் பொண்ணு சோறு துன்னுச்சான்னு கேளு" என்பார். நான் அக்காவைப் பார்த்து, "சாப்பிட்டாச்சுன்னு சொல்லுங்கக்கா" என்பேன். அக்கா இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, "நான் இன்னா டெலிபோன் கம்பியா?" என்று கேட்பாள். சிரித்தால் அவளுக்கு இருமல் வந்துவிடும். இருமல் வந்தால் இழுப்பு வந்துவிடும். ஆஸ்துமா. அதனால் அவளைச் சிரிக்க வைக்கவே எல்லோரும் பயந்தோம்.

மச்சாண்டார் பிறர் கண்ணில் படாமல் இருப்பதை ஒரு தொழிலாகவே செய்துவந்தார். எங்கள் கல்யாண ஆல்பத்தில் அவர் இருக்கிறார், நம்புங்கள். ஒரு படத்தில் தூணுக்குப் பின்னால் முழங்கை. இன்னொன்றில் யாருடைய தலைக்கோ பின்னால் ஒரு காது. மில்லிலிருந்து திரும்பும்போது ரோட்டில் வர மாட்டார். கரும்பு ரயில் தண்டவாளத்தின் ஓரமாக வந்து, பின்பக்க வேலியில் இருக்கும் சந்து வழியாக வீட்டுக்குள் நுழைவார். தும்மல் வந்தால் துண்டுக்குள் தும்முவார். மாரியம்மன் கோவிலில் தீ மிதிக்கும் நாளில் கூட்டம் முழுக்கப் பூக்குழியைப் பார்த்து நிற்க, அவர் எல்லோருடைய முதுகையும் பார்த்து நிற்பார்.

"கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது" என்பது அவருக்கு வேதவாக்கு. நாங்கள் திருஷ்டிக்குச் சொல்லுகிற பழமொழி அது. அவர் அதை அப்படியே எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டவர். கண்ணில் பட்டால்தானே கல் வரும் என்பார். எண்பத்தேழில் அது உண்மையாகவும் போயிற்று.

இந்திய வம்சாவளியார் கை ஓங்கிவிட்டது என்று சொல்லி ராணுவக்காரர்கள் ஆட்சியைப் பிடித்த வருஷம். எங்கள் பக்கம் பெரிய கலவரம் ஒன்றும் இல்லை என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு பகல் பொழுதில் எங்கிருந்தோ ஒரு லாரி வந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று ஹாரன் அடித்தது. யாரோ தெரிந்தவர்கள் கூப்பிடுகிறார்கள் என்று வெளியே வந்தவர்களுக்கெல்லாம் அடி. எதிர்வீட்டு வாத்தியாருக்குக் கை முறிந்தது. மச்சாண்டார் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் மூச்சுக் காட்டாமல் படுத்திருந்தார். லாரி அந்த வாசலில் இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அந்த லாரி அவர் வீட்டுக்குள்ளும் புகுந்து நாலு தட்டு தட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று நான் பல வருஷம் கழித்து மனசார நினைத்திருக்கிறேன். தப்பித்ததுதான் வினையாகப் போயிற்று. அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு சட்டம் வந்தது. ஹாரன் சத்தம் கேட்டால் அசையக்கூடாது. பதில் கொடுக்கக்கூடாது. அக்காவுக்கு அதைச் சொல்லிச் சொல்லி, பழக்கிப் பழக்கி, கடைசியில் மீன்காரன் வண்டி வந்து ஹாரன் அடித்தாலும் அவள் கையில் இருந்த கரண்டி அப்படியே நிற்கும். மீன் வாங்க பஸ் ஏறி டவுனுக்கு வருவாள்.

நானும் என் கணவரும் அதற்குள் பா டவுனில் வீடியோ கேசட் கடை வைத்து அங்கேயே குடியிருந்தோம். ரராவாய் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அது கொஞ்சம் கொஞ்சமாக மறைந்துகொண்டே வந்தது. முன்பக்கம் புல் வெட்டுவதில்லை. செம்பருத்தி வேலியை ஆள் உயரத்துக்கு விட்டுவிட்டார். வராந்தா பல்பைக் கழற்றியாயிற்று. முன்கதவுக்கு வெளிப்பக்கம் பூட்டு, புழக்கமெல்லாம் பின்கதவு. மில்லில் கழித்துப்போட்ட பித்தளை வலையைக் கொண்டுவந்து எல்லா ஜன்னலுக்கும் சட்டம் போட்டு ஆணியடித்தார். அதுவும் சில ஜன்னல்களுக்கு இரட்டை வலை. பகலில் வெளியே நின்று பார்த்தால் ஜன்னல் வெறும் கறுப்பாகத் தெரியும். உள்ளேயிருந்து பார்த்தால் வேலி, ரோடு, போகிற மாடு எல்லாம் தெரியும். அவர் அதைத் தன் மனைவியிடம் சொல்லுகிற சாக்கில் எனக்கும் சேர்த்து விளக்கினார்.

"காத்து போவணும். கண்ணு போவக்கூடாது. அதான் ஜாலி."

கறுப்பு விமானம் வந்தது அதற்குப் பிறகுதான். பிளாஸ்டிக் விமானங்கள் செய்வதில் அவருக்கு முன்பே ஆசை உண்டு. ஊரைவிட்டுப் போகிறவர்கள் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். வான்கூவர் போன குடும்பம் ஒன்று பிரிக்காத பெட்டியில் ஒரு குண்டுவீச்சு விமானம் கொடுத்தது. ஆக்லாந்து போனவர்கள் பசையும் பெயிண்டும் கொடுத்தார்கள். தெரு காலியாகக் காலியாக அவர் அலமாரி நிறைந்தது. பிறகு வளைகுடாப் போர் சமயத்தில் சிட்னியிலிருந்து யாரோ செய்திகளைப் பதிவுசெய்து அனுப்பிய கேசட் எங்கள் கடைக்கு வந்தது. ரேடாரில் தெரியாத விமானம், அமெரிக்காக்காரன் செய்தது, கோணல் மாணலாக வௌவால் போல. மச்சாண்டார் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொல்லிப் பார்த்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு பரவசத்தை நான் கோவிலில்கூடப் பார்த்ததில்லை. ஆகாயத்தில் இருக்கிறது, ஆனால் இல்லை. தன் ஜாதிக்காரனைக் கண்டுகொண்டார்.

சிட்னியில் கல்யாணமாகிப் போன அவர் மகள், அப்பாவின் பிறந்தநாளுக்கு அந்த விமானத்தின் மாடலையே வாங்கி அனுப்பிவைத்தாள். கை நீளம் இருக்கும். அதிலிருந்து அவருக்குப் பிடித்த பைத்தியம் விடவே இல்லை.

விஷயம் இதுதான். நிஜ விமானத்தில் என்ஜினுக்குக் காற்று இழுக்கிற வாய் இரண்டு இருக்கும், முதுகில் இருபுறமும். வாய் திறந்திருந்தால் ரேடார் அதன் வழியே உள்ளே புகுந்து சுழலும் விசிறியைப் பார்த்துவிடும். அதனால் அந்த வாய்க்கு மிக நுணுக்கமான கட்டம்போட்ட வலை வைத்திருக்கிறான். ரேடார் அலைக்கு அந்தத் துளை போதாது, அதற்கு அது சுவர். காற்றுக்கு அது கதவு. மாடல் பெட்டியிலோ அந்த இடத்தில் பிளாஸ்டிக்கில் வெறும் கோடு கீறியிருந்தான். அவர் அதைப் பார்த்துவிட்டு, "இது ஜாலி இல்ல. ஜாலி படம்" என்றார். பிளேடால் வெட்டி எடுத்தார். அந்த இரண்டு ஓட்டைக்கும் நிஜ வலை போட வேண்டும், விமானத்தைச் சுருக்கிய அதே கணக்குக்கு வலையையும் சுருக்கிப் போட வேண்டும்.

கொசுவலை வைத்துப் பார்த்தார், கோழிக் கூண்டு மாதிரி இருந்தது. டீ வடிகட்டி காணாமல் போயிற்று. மகள் பள்ளிக்கூடத்து நடனத்துக்குப் போட்ட பாவாடை கிழிந்தது. என் நைலான் புடவை ஒன்றின் ஓரம் சதுரமாக வெட்டப்பட்டிருந்ததைப் பார்த்து நான் அக்காவிடம், "உங்க வீட்டுக்காரர் இனிமே நம்ம ரெண்டு பேரையும் அறுத்துப் பாக்க வேண்டியதுதான் பாக்கி" என்றேன். அவர் பக்கத்திலேயே தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அக்கா சிரித்து, இருமி, ஆஸ்துமா பம்ப்பை வாயில் வைத்து உறிஞ்சினாள்.

அந்த ஓட்டைகளுக்கு உள்ளே, வலை போட்டால் ஜென்மத்துக்கும் யார் கண்ணுக்கும் தெரியப்போகாத இடத்தில், என்ஜின் விசிறியின் இறக்கைகளைத் தகரத்தில் வெட்டி ஒட்டி வெள்ளி வர்ணம் பூசியிருந்தார். தெரியாத இடத்துக்கு எதற்கு இவ்வளவு வேலை என்று அக்கா மூலமாகக் கேட்டேன்.

"உள்ள இருக்கணும்ல" என்று அக்காவிடம் சொன்னார். "உள்ள ஒண்ணும் இல்லாததுக்கு இன்னாத்துக்கு ஜாலி?"

கடைசியில் அவர் தேடிய வலை, ஊரைவிட்டுப் போன எதிர்வீட்டு வாத்தியார் விட்டுச் சென்ற காரில் கிடைத்தது. பெட்ரோல் வடிகட்டுகிற சின்னப் பித்தளை வலை. வெளிச்சத்தில் பிடித்தால்தான் துளை இருப்பதே தெரியும். ஆனால் பெயிண்ட் அடித்தால் துளை அடைத்துக்கொண்டது. எத்தனை ஊதினாலும் அடைத்துக்கொண்டது. அப்போதுதான் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி, கண் மை கூட்டுவது போல அந்த வலையைச் சுடரில் காட்டிக் கரியேற்றினார். நான் அன்று அங்கே இருந்தேன். சுடர் வலையில் முட்டிக் கீழேயே பரவி நின்றது. வலைக்கு மேலே ஒரு பொட்டு நெருப்பு வரவில்லை. மனிதர் குழந்தை மாதிரி ஆகிவிட்டார்.

"பாத்தியா, பாத்தியா? நெருப்பு கூடப் போவாது" என்று அக்காவைப் பக்கத்தில் இழுத்துக் காட்டினார்.

அக்கா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு பின்வாங்கினாள். "பொகை போவுதே" என்றாள்.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. எனக்கும் அது அப்போது ஒரு பேச்சாகப் படவில்லை.

அக்காவின் மூச்சைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அறுவடைக் காலத்தில் அந்தப் பக்கத்தில் கரும்புத் தோகையை எரித்துவிட்டுத்தான் வெட்டுவார்கள். மில் புகைபோக்கி வேறு. கொடியில் காயும் வெள்ளை வேட்டியில் கறுப்புத் தூசி உட்காரும். வருஷத்துக்கு வருஷம் அக்காவின் நெஞ்சு மோசமாகிக்கொண்டே போனது. பக்கத்து லவுட்டோகா நகரத்து டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார், இந்த அம்மாள் பிழைத்துக் கிடக்க வேண்டுமென்றால் கரும்பும் மில்லும் இல்லாத ஊருக்குப் போக வேண்டும் என்று. மகள் சிட்னியில் தயாராக இருந்தாள். பெற்றோரை வரவழைப்பதற்கான எல்லா ஏற்பாடும் செய்துகொண்டிருந்தாள். அக்காவுக்கு அந்த ஒரே கனவுதான். சிட்னியில் மகள் வீட்டுப் பின்பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விட வேண்டும். வேறு ஒன்றும் கேட்கவில்லை அவள்.

மச்சாண்டார் மாட்டேன் என்று சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். "இந்த ப்ளேன் முடியட்டும்" என்பார். வலை போட்டு முடித்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கையோடு எடுத்துப் போக வேண்டுமாம். ஒரு பக்கம் சரியாக வரும், ஓரத்தில் ஒரு இழை பிரியும், பிய்த்து எறிவார். மறுபடியும் முதலிலிருந்து. விசாவுக்கான மெடிக்கலுக்குக் கூப்பிட்டால் ஷிஃப்ட் என்பார். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றபடியே, அக்கா பெயரைச் சொல்லி ஆரம்பித்து அவருக்கு விழவேண்டியதையெல்லாம் போட்டுத் தாக்கினேன். பொம்மைக்கு ரெண்டு மூக்கு வைக்கிறதுக்குள்ள கட்டினவளுக்கு மூச்சே நின்னுடும், கேட்டு வையுங்கக்கா, என்றேன். அக்கா திரும்பி அவரைப் பார்த்தாள்.

அவர் கையிலிருந்த வலையை மேஜைமேல் வைத்தார். பிறகு விமானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இங்க நான் இருக்கறது ஒருத்தனுக்கும் தெரியாது. அங்க போனா புதுசு. புதுசத்தான் அல்லாரும் பாப்பான்."

எனக்குக் கோபம் அடங்கிப்போய்ப் பயம் வந்தது. இது பிடிவாதம் இல்லை, இந்த மனிதர் இன்னும் அந்தக் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவே இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இரண்டாயிரத்தில் மறுபடியும் கலகம் வந்தது. தலைநகர் சுவாவில் பார்லிமெண்டுக்குள் துப்பாக்கியோடு புகுந்து ஆட்களைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் மாடு திருடுவதும், இரவோடு இரவாகக் கரும்பைக் கொளுத்துவதும் ஆரம்பித்தன. ரராவாயில் மிச்சம் இருந்தவர்களும் மூட்டை கட்டினார்கள். நாங்கள் அக்காவையாவது டவுனுக்கு அழைத்து வருகிறோம் என்றோம். அக்கா வரவில்லை. அவரைத் தனியாக விட்டு வர மாட்டாள். தவிரவும் அவளுக்கு அந்த வாரம் ஒரு சந்தோஷம் இருந்தது. ஒருவழியாக மெடிக்கல் எல்லாம் முடிந்து விசா வந்துவிட்டது. அதைவிட, விமானத்தின் ஒரு பக்க வாய்க்கு வலை சரியாக உட்கார்ந்துவிட்டது. ஒரு இழை பிரியவில்லை. இன்னும் ஒரே பக்கம்தான். அவர் தாமாகவே பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தார் என்று அக்கா போனில் சொன்னாள். "இந்தத் தடவ நெசமாவே போறோம் தங்கச்சி" என்றாள்.

அடுத்த ஷிஃப்டுக்கு அவர் மில்லுக்குப் போயிருந்த பகலில், வீட்டுக்குப் பக்கத்துக் கரும்புக் கொல்லை எரிந்தது. யார் வைத்த நெருப்பு என்று இன்று வரை தெரியாது. காற்று வேகம். மில் சங்கு ஊதியது. கேரியர் என்கிற ஆள் ஏற்றும் சின்ன லாரி வைத்திருந்த ஒருவர், வேறு குடியிருப்புக்காரர், அந்த வழியாகப் போனவர், மிச்சம் இருந்த ஜனங்களை வீடு வீடாக ஏற்றிக்கொண்டு போய் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டார். நல்ல மனிதர். தன் உயிரைப் பார்க்காமல் செய்தார்.

வீடு எரியவில்லை. அதைத்தான் எல்லோரும் அதிசயமாகச் சொன்னார்கள். பறந்து வந்த தணல் எல்லாம் ஜன்னல் வலையில் பட்டுக் கருகி வெளியிலேயே விழுந்திருந்தது. ஒரு தணல்கூட உள்ளே போகவில்லை. அக்காவை மச்சாண்டார் விமானம் செய்கிற அறையில் கண்டெடுத்தார்கள். இரட்டை வலை போட்ட அறை அதுதான், தூசி வரவே வராது என்று அவர் பெருமையாகச் சொல்லுகிற அறை. அதை நம்பி அங்கே போயிருக்கிறாள். அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். மூக்கில் துண்டு. மடியில் பம்ப்.

சாவு வீட்டில் நான் மச்சாண்டாரைத் தேடவேண்டியிருக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் நடுவாசலில், எல்லோர் பார்வையிலும், வெயிலில் நின்றுகொண்டிருந்தார். யாராவது ஒரு கல்லை எடுத்து எறிய மாட்டார்களா என்று நிற்பது போல நின்றார். எறிந்துவிடலாம் என்றுதான் எனக்கும் இருந்தது.

அந்தக் கேரியர்க்காரர் வந்தார். வயசானவர், முஸ்லிம், அவர் முன்னோரும் மதராஸ் பக்கத்திலிருந்து வந்தவர்கள்தான். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, உடைந்த தமிழில், யாரும் கேட்காமலே மச்சாண்டாரிடம் சொல்ல ஆரம்பித்தார். முன்னால பூட்டு தொங்குச்சி, அண்ணே. புல்லு இடுப்பு மட்டும் கெடந்துச்சி. அப்பவும் மனசு கேக்கல, எறங்கி வந்து ஜன்னலாண்ட மூஞ்ச வச்சிப் பாத்தேன். ஏக்தம் இருட்டு. ஒண்ணும் தெரியல. கூப்ட்டுப் பாத்தேன். காலி வூடுன்னு நெனச்சிப் போய்ட்டேன். மன்னிச்சிடுங்க அண்ணே. இதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

மச்சாண்டார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஹாரன் அடிச்சியா?"

"அடிச்சேன் அண்ணே. நீளமா அடிச்சேன். ரெண்டு தபா."

"அப்ப கேட்டிருப்பா" என்றார்.

அந்தக் கிழவரின் தோளில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்தினார். அவ்வளவுதான்.

நான் அவரை மன்னிக்கவில்லை. ஒளித்து எழுதுவானேன், பல வருஷம் மன்னிக்கவில்லை. மகள் வந்து அவரை சிட்னிக்கு அழைத்துப் போனாள். அடுத்த வருஷம் நாங்களும் கடையை விற்றுவிட்டு அதே ஊருக்கு வந்தோம், ஆனால் நான் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. மகள்தான் அவ்வப்போது போனில் புலம்புவாள். இந்த ஊரில் எல்லா வீட்டு ஜன்னலுக்கும் ஈ வராமல் வலை போட்டிருப்பார்கள். அப்பா அத்தனையையும் கழற்றி கராஜில் அடுக்கிவிட்டார் சித்தி, வீடு முழுக்க ஈ, என்றாள். பகலில் எல்லா விளக்கையும் போடுகிறார் என்றாள். வாசலில் ரோட்டுக்கு நேராக நாற்காலி போட்டு, ரோடு வேலைக்காரர்கள் போடுகிற பளீரென்ற ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், எந்தக் கார் ஹாரன் அடித்தாலும் எழுந்து கேட்டுக்கு ஓடுகிறார், என்றாள். அதைச் சொல்லும்போது அவள் அழுதாள்.

அதைக் கேட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். என் கணவர் காரை நிறுத்திவிட்டு வருவதற்குள் நான் மட்டும் உள்ளே நுழைந்துவிட்டேன். குளிர்காலம். எல்லா ஜன்னலும் திறந்து கிடந்தது. கூடத்தில் மச்சாண்டார் அந்த ஆரஞ்சுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். மெலிந்துபோயிருந்தார். என்னைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் இரண்டு பேருமே பக்கத்தில் திரும்பினோம், அக்காவிடம் சொல்வதற்கு. அங்கே யாரும் இல்லை. இருபது வருஷப் பழக்கம், எங்கே போய் முட்டிக்கொள்வது. நான் நின்றுகொண்டே இருந்தேன். அவரும் எழுந்து நின்றுவிட்டார்.

மேஜைமேல் கண்ணாடிப் பெட்டியில் அந்தக் கறுப்பு விமானம் இருந்தது. முடித்துவிட்டிருந்தார். ஒரு சிராய்ப்பு இல்லை, பசைக்கறை இல்லை. ஆனால் முதுகில் இரண்டு வாயும் பொக்கையாகத் திறந்திருந்தன. சரியாக உட்கார்ந்துவிட்டது என்று அக்கா சந்தோஷப்பட்டாளே, அந்தப் பக்கத்து வலையையும் எடுத்திருந்தார்.

அம்மா சொல்லி அனுப்பியதை மீறி, அவர் முகத்தைப் பார்த்து, முதல்முறையாக நேராகக் கேட்டேன்.

"ஜாலி போடலையா?"

அவர் கண்ணாடிப் பெட்டியை மெதுவாகத் தூக்கி எடுத்து வைத்துவிட்டு, நான் பார்ப்பதற்கு வாகாக விமானத்தை என் பக்கம் திருப்பினார்.

"வேணாம்மா" என்றார். "கண்ணு போவட்டும்."

நான் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அந்தத் துவாரத்துக்குள் பார்த்தேன். உள்ளே இருட்டாகத்தான் இருந்தது. உடனே நிமிர்ந்துவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கண் பழகி, அந்த வெள்ளி இறக்கைகள் தெரிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.